சாமிக் கயிறும் சம்மதக் கையெழுத்தும்: மருத்துவரின் தொழில்நெறிக்குள் பண்பாடு நுழையும் இடங்கள்

2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள், வழக்கமான ஹிப்போகிரேட்டஸ் உறுதிமொழிக்குப் பதிலாக, பண்டைய ஆயுர்வேத மருத்துவரான மகரிஷி சரகர் பெயரிலான உறுதிமொழியை எடுத்தார்கள். கல்லூரியின் டீன் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார், சில நாட்களில் பழைய பொறுப்புக்கே திரும்பினார். 2023 இறுதியில் தேசிய மருத்துவ ஆணையத்தின் சின்னத்தில் வண்ணத்தில் ஆயுர்வேதக் கடவுளான தன்வந்திரியின் படம் இருந்ததைப் பற்றி மறுபடி சர்ச்சை. இப்படி ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி, மருத்துவத்துக்குள் மதம் வரலாமா என்பது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியாது. மதமும் பண்பாடும் முதலிலிருந்தே உள்ளேதான் இருக்கின்றன. அது யாருடைய நம்பிக்கை, அதற்காக யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். நோயாளியின் நம்பிக்கைக்கு ஒரு விதி, மருத்துவரின் நம்பிக்கைக்கு வேறு விதி. இரண்டுக்கும் நடுவே குடும்பம் நிற்கிறது. சென்னை மருத்துவமனைகளின் வார்டுகளில் ஒரு மருத்துவரின் கையை அதிகம் கட்டிப்போடுவது எந்தச் சாமியும் அல்ல, கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர்கள்தான்.

தொழில்நெறி என்றால் என்ன

மருத்துவ அறிவு வேறு, தொழில்நெறி வேறு. அந்த அறிவைக் கையில் வைத்திருப்பவர் நோயாளியிடமும் சக மருத்துவரிடமும் சமூகத்திடமும் எப்படி நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புகளின் தொகுப்பே தொழில்நெறி. ரகசியம் காப்பது, உண்மை சொல்வது, சம்மதம் பெறுவது, ஸ்கேன் சென்டரில் கமிஷன் வாங்காமலிருப்பது, செய்த தவறை மறைக்காமலிருப்பது எல்லாம் இதில் அடங்கும். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இதற்கென்று ‘ஏட்காம்’ (மனப்பாங்கு, நெறிமுறை, தொடர்பாடல்) என்ற பெயரில் 27 பாட அலகுகள் சேர்க்கப்பட்டுள்ளன.

உலகம் முழுதும் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2002-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட சாசனம். அதன் மூன்று தூண்கள்: நோயாளியின் நலன், நோயாளியின் தன்னுரிமை, சமூக நீதி. இதை அப்படியே எடுத்துக்கொள்ள எல்லா நாட்டவரும் தயாராக இல்லை. அரபு நாடுகளின் மருத்துவக் கல்வியாளர்கள் 2014-இல் முன்வைத்த மாதிரியில் நான்கு வாசல்கள் உண்டு. மருத்துவர் தன்னோடும், வேலையோடும், பிறரோடும், இறைவனோடும் நடந்துகொள்ளும் முறை என்று அவை பிரிகின்றன. யாரும் பார்க்காதபோதும் சரியாக நடப்பதற்குக் காரணம் அங்கே இறையச்சம். ஜப்பானில் சிலர் சாமுராய் மரபின் புஷிடோ நெறியிலிருந்து அதே கடமையுணர்வை விளக்குகிறார்கள்.

நம்மிடமும் ஒன்று உண்டு. ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து’ என்கிறது குறள் 950. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம். சரகரின் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலும் இதே நான்கு கால்கள் உள்ளன. வரிசைதான் வேறு. சரகர் மருத்துவரில் தொடங்கி நோயாளியில் முடிக்கிறார், வள்ளுவர் நோயாளியில் தொடங்குகிறார். இரண்டிலும் உடனிருப்பவருக்கு இடம் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2002 சாசனத்தின் மூன்று தூண்களில் அவர் இல்லை.

மூன்று உறுதிமொழிகள், மூன்று காலங்கள்

1. ஹிப்போகிரேட்டஸ் உறுதிமொழியின் பழைய வடிவம் அப்பல்லோ, அஸ்கிளிப்பியஸ் முதலிய கிரேக்க தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்துத் தொடங்குகிறது. ஆசிரியரின் மகன்களுக்குக் கட்டணமில்லாமல் கற்றுத்தர வேண்டும், கருக்கலைப்புக்கு மருந்து தரக்கூடாது, கல்லடைப்புக்குக் கத்தி எடுக்கக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. அதை வரிக்கு வரி பின்பற்றினால் இன்று யூராலஜி துறையையே மூட வேண்டியிருக்கும். கல்லூரிகளில் படிக்கப்படுவது திருத்திய வடிவங்கள்.

2. சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் என்ற பகுதியில் வருவது, குரு மாணவனுக்குத் தரும் அறிவுரை. உண்மை பேசு, புலால் உண்ணாதே, நோயாளிக்காக முழு மனதோடு உழை, நோயாளியின் வீட்டு விஷயங்களை வெளியே சொல்லாதே என்பவற்றோடு இன்னும் சில உண்டு. அரசன் வெறுப்பவர்களுக்கும், கணவனோ காப்பாளனோ உடனில்லாத பெண்களுக்கும் மருத்துவம் பார்க்காதே. ஆயுள் முடியப்போகிறது என்று தெரிந்தாலும், நோயாளியையோ மற்றவரையோ அது அதிரவைக்கும் என்றால் சொல்லாதே.

3. உலக மருத்துவ சங்கத்தின் ஜெனீவா பிரகடனம் 1948-இல், நாஜி மருத்துவர்களின் கொடுமைகள் வெளிவந்த பின்னணியில் எழுதப்பட்டது. இதில் சாட்சிக்குத் தெய்வம் இல்லை. மதம், தேசம், இனம், கட்சி, அந்தஸ்து எதுவும் என் கடமைக்கும் நோயாளிக்கும் நடுவே வராது என்கிறது. நோயாளியின் தன்னுரிமை இதில் சேர்ந்தது 2017 திருத்தத்தில்தான்.

ஆக, பழைய உறுதிமொழிகள் இரண்டுமே சமய உறுதிமொழிகள். கிரேக்கக் கடவுளை இன்று யாரும் கும்பிடாததால் அது மதச்சார்பற்றதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். மதுரைச் சர்ச்சையின் உண்மையான எடை வாசகத்தில் இல்லை. எந்த வாசகம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கா மாநிலத்துக்கா என்பதில் இருந்தது.

‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்’

சரகரின் அந்தக் கடைசி அறிவுரை இன்றும் உயிரோடு இருக்கும் இடம் புற்றுநோய்ப் பிரிவின் வராந்தா. பயாப்ஸி முடிவு வந்த அன்று மூத்த மகன் முதலில் தனியாக உள்ளே வருவார், கதவைப் பாதி சாத்துவார். “அப்பாகிட்ட வயித்துல புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம். தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவாரு. நீங்களும் அப்படியே மெயின்டெய்ன் பண்ணிடுங்க.”

இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அதிர்ச்சியைத் தாங்கள் வாங்கிக்கொண்டு அப்பாவைக் காப்பதே பிள்ளைகளின் கடமை என்ற பண்பாடு அது. தேசிய மருத்துவ ஆணையத்துக்கு முன்பிருந்த இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002 நடத்தை விதிகளிலும் இந்தச் சாயல் உண்டு. நோயின் தீவிரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடாது என்று சொல்லும் அதே விதி, நோயாளியோ உறவினரோ பொறுப்புள்ள நண்பரோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நன்மை தரும் அளவுக்கு நிலையை அறிந்திருக்க வேண்டும் என்கிறது. ‘நோயாளிக்கு’ மட்டும் என்று எழுதவில்லை.

உண்மையைச் சொல்வது மேற்கத்தியப் பழக்கம், மறைப்பது நம் பழக்கம் என்று பேசுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1961-இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-இல் அதே கேள்விக்கு 97 விழுக்காட்டினர் சொல்வோம் என்றார்கள். மதம் மாறவில்லை, இனம் மாறவில்லை. பதினெட்டே ஆண்டுகளில் சிகிச்சை வளர்ந்தது, நோயாளி உரிமை பற்றிய பேச்சு வளர்ந்தது, தொழில்நெறியும் மாறிவிட்டது.

மறைப்பதால் வரும் சிக்கல் மனம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. கீமோதெரபி எடுத்த ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தனக்குப் புண் என்று நம்பும் பெரியவர் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார். ரத்தத்தில் கிருமி பரவி உயிர் போக அந்த ஒரு இரவு போதும். இன்னொன்று, ‘புண்’ணுக்கு என்று வாங்கிய கீமோ சம்மதக் கையெழுத்து சட்டப்படி சம்மதமே அல்ல.

அனுபவமுள்ள புற்றுநோய் மருத்துவர்கள் கையாளும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. பயாப்ஸி எடுக்கும் நாளிலேயே, முடிவு தெரியும் முன்பே, நோயாளியிடம் கேட்டுவிடுவது: “ரிசல்ட் வந்ததும் உங்ககிட்ட நேரா சொல்லட்டுங்களா ஐயா, இல்ல பையன்கிட்ட பேசட்டுங்களா?” முடிவு வந்தபின் கேட்டால் அந்தக் கேள்வியே பதிலாகிவிடும்.
2. “பையன்கிட்டயே பேசிக்குங்க” என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய தன்னுரிமைதான். அதைத் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதுவது.
3. மறைக்கச் சொல்லும் மகனோடு வாதாடாமல், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்பது. பல நேரம் உள்ளே இருப்பது அப்பாவைப் பற்றிய பயம் அல்ல, தான் அழுதுவிடுவோமோ என்ற பயம்.
4. ஒரு எல்லையைத் தெளிவாகச் சொல்வது: “நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவரே நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”
5. நோயாளியிடம், “உங்களுக்கு என்னன்னு நினைக்கறீங்க?” என்று தொடங்குவது. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று அவரும் நடித்துக்கொண்டிருப்பார்.

நான்காவது படிதான் பலருக்குத் தடுக்கும். பில் கட்டுபவர் மகன் என்பதால் அவர் சொல்வதற்குத் தலையாட்டிவிடும் மருத்துவர், அப்போது தன் நோயாளியை மாற்றிக்கொண்டுவிட்டார்.

பஞ்சாங்கமும் ஆபரேஷன் தியேட்டரும்

திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. பல மருத்துவமனைகளில் தியேட்டரின் முதல் கேஸ் 8 மணிக்கு. இதனால் திங்கள் முதல் கேஸுக்குத் தயங்குபவர்கள் உண்டு. அஷ்டமி, நவமி என்றால் தேதியையே மாற்றச் சொல்வார்கள். சிசேரியனுக்கு ஜோசியர் குறித்த நேரங்கள் வாட்ஸ்ஆப்பில் வந்துவிடும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அதற்குக் காரணங்கள் பல, நல்ல நேரத்தை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். ஆனால் எதற்கு வளைந்துகொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதை இங்கே அளந்து சொல்ல முடியும்.

1. வளைந்துகொடுக்கலாம்: ஏற்கெனவே இரண்டு சிசேரியன் ஆனவர், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பவர் போன்று மருத்துவக் காரணத்தால் முடிவான அறுவை. முதலாமவருக்கு வேறு சிக்கல் இல்லையென்றால் 39 வாரம் முடிந்தபின், இரண்டாமவருக்கு மருத்துவர் சொல்லும் வாரத்தில். அந்த வாரத்துக்குள் பகல் வேளையில் எந்த நாள், எந்த மணி என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை.
2. கூடாது: நட்சத்திரம் நன்றாக இருக்கிறது என்று 37 வாரத்தில் எடுப்பது. நுரையீரலில் நீர் வற்றாத குழந்தை மூச்சு வாங்கும், தாய் ஒரு மாடியிலும் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கிடக்கும்.
3. கூடாது: அதிகாலை 2.40-க்கு முகூர்த்தம். மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர், ரத்த வங்கி எல்லாம் குறைந்த ஆட்களோடு இயங்கும் நேரத்தில், அவசரமில்லாத அறுவையை வலிந்து வைப்பது அது.
4. பேச்சுக்கே இடமில்லை: குழந்தையின் இதயத்துடிப்பு சரியும்போது ராகு காலம் முடியட்டும் என்று காத்திருப்பது. அவசர சிசேரியனில் முடிவுக்கும் பிரசவத்துக்கும் நடுவே 30 நிமிடம் என்பது உலகம் முழுதும் வைத்துக்கொள்ளும் இலக்கு. ராகு காலம் ஒன்றரை மணி நேரம்.

முதல் வகைக்கு ஒத்துக்கொள்ளும் மருத்துவரை மூடநம்பிக்கைக்காரர் என்று கிண்டல் செய்வது தேவையில்லாதது. இரண்டாம், மூன்றாம் வகைகளுக்குச் சரி என்பவர் பெரும்பாலும் பஞ்சாங்கத்தை நம்பியும் அல்ல, கேஸ் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடும் என்று பயந்துதான். அது மதப் பிரச்சினையே அல்ல, வியாபாரம்.

நோன்பும் தீமிதியும்

நோயாளியின் வழிபாட்டைத் தடுப்பதைவிட அதற்கேற்ப சிகிச்சையைத் திருத்துவதே வேலை. ரமலான் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளியை ஆறு முதல் எட்டு வாரம் முன்பே அழைத்து மருந்து நேரத்தை மாற்ற வேண்டும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்று எழுதியே கொடுக்க வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதைத் தெரியாமல்தான் பலர் சோதிக்காமலே இருக்கிறார்கள். “நோன்பே வைக்காதீங்க” என்று மட்டும் சொன்னால் அவர் நோன்பும் வைப்பார், மருத்துவரிடமும் வரமாட்டார். ஆடி மாதத் தீமிதியும் அப்படியே. பாதத்தில் உணர்ச்சி மரத்த சர்க்கரை நோயாளிக்குச் சுட்டது தெரியாது, கொப்புளம் புண்ணான பிறகுதான் தெரியும். ஆனியிலேயே பாதத்தைச் சோதித்து எச்சரிப்பது நல்லது.

மனநோயில் இதே தர்க்கம் இன்னும் கூர்மையாக வேலை செய்யும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. தர்காவுக்குப் போவதை அது தடுக்கவில்லை. பின்னாளில் ஏர்வாடியில் பிரார்த்தனையும் மாத்திரையும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி திட்டம் வந்தது.

மருத்துவரின் நம்பிக்கை

இங்கே விதி தலைகீழ். நோயாளிக்காக மருத்துவர் வளையலாம், மருத்துவரின் நம்பிக்கைக்காக நோயாளி வளையக்கூடாது. 2002 நடத்தை விதிகளின்படி, மருத்துவத் தேவை இருக்கும்போது கருத்தடை, கருக்கலைப்பு, சுன்னத் ஆகியவற்றை மதக் காரணத்துக்காக மட்டும் ஒரு மருத்துவர் மறுக்கக்கூடாது. தனக்கு அதில் திறமை இல்லை என்று கருதினால் மட்டுமே மறுக்கலாம்.

உடையும் அணிகலனும் இன்னும் நுணுக்கமானவை. மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு ஈரத்தைப் பிடித்து வைக்கும். முழங்கை வரை தேய்த்துக் கழுவும்போது அதன் அடியில் இருக்கும் தோல் சுத்தமாகாது. மோதிரத்துக்கும் இதுவே. 2023-இல் திருவனந்தபுரத்தில் சில மாணவிகள் தியேட்டருக்குள் முழுக்கை அங்கியும் தலைமூடியும் கேட்டபோது எழுந்த விவாதமும் இதே அளவுகோலில்தான் முடிய வேண்டும். தலையை மூடுவதால் தொற்று அதிகமாகாது, கிருமிநீக்கிய தலைமூடிகள் உண்டு. முழங்கைக்குக் கீழே துணி இருந்தால் கழுவ முடியாது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் இதற்கு ஒருமுறை அணிந்து எறியும் கைமூடியை அனுமதித்து ஒரு வழி கண்டன. கார்த்திகையில் மாலை போட்டு வெறுங்காலோடு வார்டில் நடக்கும் பயிற்சி மருத்துவர் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. தரையில் விழுந்த ஊசி காலில் ஏறினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியிருக்கும். ஆபத்து ஒன்றென்றால் அளவுகோலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து கையெழுத்து வரை

திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி தாய்சேய் மருத்துவமனை என்று பெயர்ப்பலகை இருந்தாலும், பழைய ஆட்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரி. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் 1885-இல் தொடங்கியது. ஆண் மருத்துவர் தொட விடாத சாதி இந்து, கோஷா (பர்தா அணியும்) பெண்களுக்கென்று, அந்தப் பெயரிலேயே நடந்தது. பண்பாட்டின் கட்டுப்பாடே பெண்கள் மருத்துவராவதற்கு ஒரு வாசலைத் திறந்தது. அதே பெயரில் ‘சாதி’ என்ற சொல்லும் இருந்ததை மறக்க வேண்டாம்.

பெண்ணின் பக்கத்தில் யார் நிற்பது என்ற கேள்விக்குச் சரகர் கணவன் என்றார். இன்றைய நோயாளர் உரிமைச் சாசனம், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும். முன்னது கணவனின் உரிமை, பின்னது அந்தப் பெண்ணின் பாதுகாப்பு.

கையெழுத்தில் அந்த மாற்றம் இன்னும் முழுதாக நடக்கவில்லை. மாமியாரும் கணவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, கடைசியாக நோயாளியிடம் பேனாவை நீட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சட்டத்தின் நிலை வருமாறு:

1. சுயநினைவோடு இருக்கும், 18 வயது நிரம்பிய நோயாளியின் சம்மதமே சம்மதம். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பரிசோதனைக்கு என்று மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே நின்ற தாயின் சம்மதத்தோடு அகற்றியது செல்லாது என்றது.
2. கருக்கலைப்புக்கு 1971 சட்டப்படி அந்தப் பெண்ணின் கையெழுத்து போதும், கணவரின் கையெழுத்து தேவையில்லை. அதைக் கேட்டு ஒரு வாரம் அலையவிடுவதால் கருவின் வயது கூடி, சிக்கலும் கூடுகிறது.
3. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில்தான் முடிச்சு. ஒன்றிய அரசின் கருத்தடை வழிகாட்டி, துணைவரின் சம்மதம் தேவையில்லை என்கிறது. 2002 நடத்தை விதியோ, மலட்டுத்தன்மை விளைவிக்கக்கூடிய அறுவைக்குக் கணவன் மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது. வழிகாட்டியைப் பின்பற்றும் மருத்துவர் மீது கணவர் புகார் கொடுத்தால், புகாரை விசாரிக்கும் மருத்துவக் கவுன்சில் கையில் இருப்பது நடத்தை விதி. அதனால் இருவரிடமும் வாங்கிவிடுவதே பாதுகாப்பு என்று மருத்துவர்கள் நினைக்கிறார்கள். கணவர் வளைகுடாவில் இருந்தாலோ, குடித்துவிட்டு எங்கோ கிடந்தாலோ, அந்தப் பெண் அடுத்த பிரசவத்துக்குத்தான் திரும்பி வருகிறாள்.

2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது, அதே மாதம் 23-இல் நிறுத்திவைத்தது. அதனால் 2002 விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன, இருவர் கையெழுத்தும் அவற்றோடு சேர்ந்து.